உரிமையாளருக்குக் குழம்பு இல்லை

சிறுதொழில்களில் போடுவதற்கென்று அரசு தந்த வரிச்சலுகையால் திரண்ட பணத்தில் முதலீட்டு நிறுவனம் நடத்திய தஸ்நேவிஸ், அலுவலக வாடகையை மிச்சம் பிடிக்கும் பெரிய புத்திசாலித்தனத்தில், தூத்துக்குடி வீட்டையே ஃப்ரிட்ஜ் உட்பட நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினார். மறுநாளே ஃப்ரிட்ஜ் அவருக்குத் திறக்க மறுத்தது.

“பணம் முழுவதும் சிறுதொழில்களுக்குப் போய்ச் சேரும்வரை உரிமையாளருக்கு எதையும் பங்கிடக் கூடாது. அரசு விதி” என்றது.

“நேத்து வச்ச மீன் குழம்புதானே, தாயே?”

“குழம்பும் பங்குதான், ஐயா.”

நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்த மனைவி பிலோமிக்கு மட்டும் கதவு திறந்தது.

“ஏ பிலோமி, ஒரு துண்டு எடுத்துத் தாயேன்.”

“தந்தா என் வேல போயிரும்லா!”

நல்ல தொழிலாகத் தேடுகிறேன் என்று பணத்தைப் பூட்டியே வைத்திருந்தவர் அவர். தங்கள் தெருவில் உள்ள பெண்கள் தொடங்க நினைத்த தையற்கூடத்துக்குப் பிலோமி பணம் கேட்டபோதெல்லாம் சிரித்தே தட்டிக் கழித்தார். இரண்டு நாள் டீக்கடை பன்னைத் தின்றதில் சிரிப்பு வற்றிவிட்டது. தையற்கூடத்தில் லாபம் வருமா என்று ஃப்ரிட்ஜைக் கேட்டார். “சந்தையைப் பொறுத்தது” என்றது. நிறுவனத்தின் முதலீட்டு ஆலோசகரும் அதையேதான் சொன்னார்.

கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

“முழுசையும் அதுலயே போடுதேன். உண்மையச் சொல்லு, லாபம் வருமா?”

பிலோமி முள்ளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“வராது. ஆறு பேருக்கு வேல வரும். உங்களுக்குச் சோறு வரும்.”