ஐந்தாவது புகார்

“புதைச்சதைத் தோண்ட விடமாட்டேன், மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ்.”

“மேலிடத்து உத்தரவு, மிஸ். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு லோரி வந்துடும். இருந்த இடம் தெரியாம அள்ளிடணும்.”

“இப்பத் தோண்டினா ஊரே நாறும். இன்னும் மூணு வாரம் குடுங்க. எல்லாம் மண்ணாயிடும்.”

நேற்று மாலை நடந்த இந்தப் பேச்சு, இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பல்கலைக்கழகம் வரும் வழியெல்லாம் ஸ்டானிஸ்லாஸின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தது.

புதைத்தது வேறொன்றும் இல்லை. விடுதிகளில் மிஞ்சிய சோறு, கேன்டீன் வாழை இலை, வெட்டிய புல், காய்ந்த சருகு. தாவரவியல் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உர்சுலா, எட்டு மாதமாக அதை அடுக்கி, கிளறி, உரமாக்கிக்கொண்டிருந்தாள். பண்டமாரானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடிந்ததும் குவியலைப் பார்க்க வந்துவிடுவாள். 1992இல் குப்பைக்காக இப்படி அலைந்தவள் அந்த வளாகத்தில் அவள் ஒருத்திதான்.

‘நாற்றம் தாங்கவில்லை’ என்று பெயரில்லாத புகார் நான்கு முறை அலுவலகப் பெட்டியில் விழுந்தது. புகார் வந்தால் சுகாதார மேற்பார்வையாளரான ஸ்டானிஸ்லாஸ் அன்றைக்கே, சொல்லாமல் கொள்ளாமல், நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். அவனும் போவான். உர்சுலா பிளாஸ்க்கைத் திறந்து, தயாராக இருக்கும் இரண்டு குவளைகளில் தேநீர் ஊற்றுவாள். குவியலில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, அது ஏறி நிற்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

“அறுபத்திரண்டு டிகிரி. காய்ச்சல் ரொம்ப அதிகம், மிஸ்.”

“நல்ல காய்ச்சல்தான். உள்ளே வேலை நடக்குதுன்னு அர்த்தம்.”

முப்பத்தாறு வயது ஸ்டானிஸ்லாஸுக்கு அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. அவளோ பட்டதாரி, அவன் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். ஒவ்வொரு முறையும் அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டுத் திரும்புவான்.

எந்தப் புகாருக்கும் எதையும் மூடிப் பழக்கமில்லாத அலுவலகம் அது. ஆனால் நேற்று ஐந்தாவது புகார் வந்ததும் புதிய பதிவாளர் கொதித்துப்போய் உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டார். மிஞ்சியிருந்தது ஒரே வழி. புகார் கொடுத்தவரே நேரில் வந்து, புகாரைத் திரும்பப் பெறும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நேற்று அதைச் சொன்னபோது உர்சுலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சருகைக் கிளறத் தொடங்கினாள். பாவம், இடிந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

காலை முழுவதும் படிவமும் கையுமாக அலைந்தான். முதலில் கேன்டீன்காரர் நாகையா.

“நானா? நல்லாக் கேட்டீங்க, பாஸ்! அதை மூடினா என் கடை எச்சில் இலையை எங்க கொட்டறது? உங்க ஆபீஸ்லயா?”

அடுத்து, பெண்கள் விடுதிக் காப்பாளர் அழகம்மை.

“என் ஜன்னல் அதுக்கு நேராத்தான் இருக்கு, தம்பி. மழை பேஞ்ச மண்ணு வாசம்தான் வருது. எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான். ஆள் கிடைச்சா முதல்ல என்கிட்டக் கூட்டிட்டு வாங்க.”

ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே லோரி வந்து நின்றது.

“அண்ணே, அள்ளலாமா?” டிரைவர் தம்புசாமி தலையை வெளியே நீட்டினான். “செமினி டவுன்ல இன்னொரு டிரிப் இருக்கு லா.”

உர்சுலா மண்வெட்டியோடு குவியலின் முன்னால் நின்றாள். வெயிலில் முகம் சிவந்து, உதடு மட்டும் வெளுத்திருந்தது.

“கண்டுபிடிச்சீங்களா?”

“இல்ல, மிஸ். கேட்காத ஆள் இல்ல. எட்டு மாச உழைப்பை மண்ணாக்குற அளவுக்கு எவனுக்கு இவ்வளவு கல்நெஞ்சோ தெரியல.”

அவள் சட்டென்று தலை குனிந்துகொண்டாள்.

லோரி உறுமிக்கொண்டு பின்னால் வரத் தொடங்கியது. குவியலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம். இனி இந்தப் பக்கம் வர தனக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது? ஸ்டானிஸ்லாஸ் அள்ளச் சொல்லிக் கையைத் தூக்கினான்.

“நிறுத்துங்க!”

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்த உர்சுலா, அவன் கக்கத்திலிருந்த ஃபைலைப் பிடுங்கினாள். படிவத்தை லோரியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தி, அவன் சட்டைப்பையிலிருந்தே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவன் பதறிப்போனான். “மிஸ், அது புகார் கொடுத்தவங்க போடற இடம்.”

“தெரியும்.”

“பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா உங்க வேலையே போயிடும். குடுங்க, கிழிச்சிடறேன்.”

“பொய் இல்லை.”

தம்புசாமி என்ஜினை அணைத்தான். அவள் பேனாவைத் திருப்பி நீட்டினாள். பார்வை அவன் முகத்தை விட்டு நகரவில்லை.

“இனிமே புகார் இல்லாமலே வாங்களேன்.”