கத்திக்கு ஓர் உறை

வீட்டுக்குள் நுழைந்ததுமே பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. வேல்பாண்டி நேரே அடுப்படிக்குப் போனான்.

தங்கச்சி மாரீஸ்வரி கேஸ் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். இடுக்கியில் பிடித்திருந்த பிவிசி பைப் துண்டு தீயின் மேல் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. காலடியில் கருகிப்போன துண்டு ஒன்று, கோணிப்போனது ஒன்று.

"என்னட்டி செய்யுத? வீட்டைக் கொளுத்தப் போறியா?"

"செத்த நேரம் பேசாம இருண்ணே. ஆறிட்டா வளையாது."

கத்தி வடிவத்தில் வெட்டி வைத்திருந்த மரச்சில்லின் மேல் அதைச் சுற்றினாள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஏறி நின்றுகொண்டாள். ஆறியதும் இறங்கி, சில்லை மெதுவாக உருவினாள்.

இந்தத் தடவை வடிவம் நின்றுவிட்டது. விரல் நுனியில் கொப்புளம் இருந்தாலும் அவள் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"என்னது இது?"

"கத்தி உறை. செல்லுல வீடியோ பாத்துச் செஞ்சேன். எனக்கு இதான் மொதத் தடவை."

வேல்பாண்டிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"கத்தியா? பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போற பொம்பளைக்கு எதுக்குட்டி கத்தி? யாரைக் குத்தப் போற?"

அவள் உறையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கை பிளேடால் அறுக்க ஆரம்பித்தாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு வன்னியம்பட்டியில இருந்து உன்னையப் பொண்ணு பாக்க வாராவ. மாப்பிள்ளை போலீசு. அவிய காதுல இது விழுந்தா என்ன ஆவும்? வேல்பாண்டி தங்கச்சி கத்தியோட திரியுதான்னு ராஜபாளையம் பூராவும் சிரிக்காதா?"

அவள் உறையைத் திருப்பி மறு ஓரத்தை அறுத்தாள்.

"எவனாவது பின்னால வாரானா? வந்தா எங்கிட்டச் சொல்லணும். நான் எதுக்கு இருக்கேன்?"

"எவனும் வரலண்ணே."

"பொறவு எதுக்கு? நாலு பேரு மதிக்கிற குடும்பம் இது. கத்தி, கம்புன்னு இந்த வீட்டுல ஒரு பேச்சு வரலாமா? புள்ள வளருற வீடுட்டி!"

உறையைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். அது உடையாமல் மூலையில் போய் விழுந்தது.

மாரீஸ்வரி அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"புள்ள வளருற வீடுன்னுதாண்ணே செஞ்சேன். இது எனக்கு இல்ல."

"பின்ன யாரு கத்திக்கு?"

"உன் வண்டி சைடு பாக்ஸ்ல வச்சிருக்கியே, அதுக்கு. நேத்து நீ ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வந்தேல்ல, பால்கோவா இருக்கும்னு உம் மக உள்ள கைய விட்டுட்டா. நான் பாத்து வெடுக்குனு இழுத்தேன். அண்ணிகிட்ட இன்னும் சொல்லல."

வேல்பாண்டி வண்டி நின்ற வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அதைத் தூக்கி எறிஞ்சிருக்க வேண்டியதுதானே..."

"எறிஞ்சா நீ வேற வாங்குவ. இது இருந்தா பாப்பாவுக்கு விரலாவது மிஞ்சும்" என்று உறையை அவன் கையில் வைத்தாள் மாரீஸ்வரி.