பன்னிரண்டாம் குழாய்

"ஒரு பக்கம் வெங்காயம், ஒரு பக்கம் டயப்பர், நடுவுல பீரு! பால் வாங்க வந்தவன் பாலோட மட்டும் வீட்டுக்குப் போக இந்த ஊர்ல ஒரு வழி விடமாட்டீங்களாய்யா?"

தள்ளுவண்டியை நிறுத்தாமலே கத்தினார் ரோலண்ட். ஒஹாயோவில் அந்தச் சின்ன ஊருக்கு இருந்ததே ஒரே ஒரு மளிகைக்கடை. பால் அலமாரியிலிருந்து பில் போடும் இடத்துக்குப் போகும் வழியில்தான் முதலாளி கோப்லர் பீர் கவுண்டரைத் திறந்திருந்தார். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு குழாய்கள். ஒரு கோப்பை வாங்கி வண்டியில் செருகிக்கொண்டு, உறிஞ்சியபடியே உருளைக்கிழங்கு பொறுக்கலாம்.

"நில்லுய்யா!" கோப்லர் குறுக்கே பாய்ந்து வண்டியைப் பிடித்தார். "கவுண்டர் திறந்து ஒரு மாசம் ஆச்சு, நீ மூஞ்சியே காட்டல. இன்னிக்கு விடமாட்டேன். ஒரு பஞ்சாயத்து இருக்கு."

கவுண்டருக்குப் பின்னால் நின்ற டார்லா, துடைத்த குழாயையே மறுபடியும் துடைத்தாள். பஞ்சாயத்தே அவளைப் பற்றியதுதான். இதே கடையில் பதினாறு வருஷம் பில் போட்டவள், மூடிக் கிடந்த டயர் கடை ஒன்றைப் பிடித்து, உரிமம் வாங்கி, சொந்தமாக பீர் காய்ச்ச இறங்கியிருந்தாள். பன்னிரண்டாம் குழாயில் வருவது அவளுடைய முதல் பீர். மூன்று வாரமாக ஒருத்தரும் சீந்தவில்லை. அந்தக் குழாய்க்கு வேறொரு கம்பெனிக்காரன் அலைந்துகொண்டிருந்தான்.

"மாநிலக் கண்காட்சியில பதினஞ்சு வருஷம் பீருக்கு மார்க் போட்டவன் நீ. டார்லாவோடது தேறுமா, தேறாதா? நீ சொல்றதுதான் தீர்ப்பு. தேறலன்னா திங்கட்கிழமை குழாயை மாத்திடுவேன்," என்றார் கோப்லர்.

"உன் சரக்குக்கு எல்லாம் நாக்கக் குடுக்க முடியாது. என் மூக்கே ஜாஸ்தி."

"சரி, மூக்காலயே சொல்லு."

அதற்குள் நாலைந்து வண்டிகள் சுற்றி நின்றுவிட்டன. ரோலண்டின் வாய் ஊரறிந்தது. ஓசியில் வேடிக்கை.

முதல் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். நிதானமாக மோந்தார்.

"எலுமிச்சை தூக்கலா இருக்கே. யாராவது கரி புடிச்ச சட்டி கொண்டாங்கப்பா, தேய்ச்சுடலாம்."

கூட்டம் சிரித்தது.

"இது ப்ளூபெர்ரி. ராத்திரி ஒரு ஸ்பூன், காலைல ஒரு ஸ்பூன் குடுங்க. குழந்தைக்கு இருமல் நின்னுடும்."

"அடுத்தது?"

"ஊறுகாய் பாட்டிலைக் கழுவின தண்ணி."

"யோவ், அது நிஜமாவே ஊறுகாய் பீருய்யா! அமோகமா போகுது."

"போகும், போகும். கோப்பையில ஊத்தி மேல நுரை விட்டா இந்த ஊர்ல எதுதான் போகாது?"

இப்படியே பதினொன்று. எதற்கும் அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் சாவகாசமாக மோந்து, சாவகாசமாகக் கொன்றார்.

டார்லா பன்னிரண்டாவதைப் பிடித்து நீட்டினாள். பழமில்லை, ஊறுகாயில்லை. வெறும் பார்லி, தண்ணீர், கசப்புக்கான பூ, அவளுடைய எட்டு மாதத் தூக்கம். விளிம்புவரை பிடித்ததில் நுரை வழிந்தது.

ரோலண்ட் மூக்கருகே கொண்டுபோனார்.

சட்டென்று முகம் வெளுத்தது. கோப்பையை ணங்கென்று வைத்தார். பாதி பீர் பலகையில் சிந்தியது.

"எடு இத."

"சார், இன்னொரு தடவை..."

"எடுன்னு சொல்றேன்ல! என் கண்ணு முன்னாடி வைக்காத!"

வண்டியை இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஏறக்குறைய ஓடினார்.

"அடேங்கப்பா, ஆளையே விரட்டிடுச்சே!" என்றது ஒரு குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கோப்லர் தலையைச் சொறிந்தார். "ஊறுகாய்க்குக் கூட ஒரு வசனம் பேசினான். உன்னோடதுக்கு அதுகூட இல்ல. தப்பா நெனைக்காத டார்லா, திங்கட்கிழமை பீப்பாயை எடுத்துட்டுப் போயிடு."

டார்லா கையிலிருந்த ஈரத்துணியை வீசிவிட்டு ரோலண்டின் பின்னாலேயே போனாள். ரகளை ஆகிவிடுமோ என்று கோப்லரும் ஓடினார்.

"நில்லுங்க சார்! ஊறுகாய்த் தண்ணியை ரெண்டு நிமிஷம் மோந்தீங்க. என்னோடத ஒரு செகண்டு கையில வச்சிக்க முடியல, இல்ல?"

ரோலண்ட் பால் கேனை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் துழாவினார்.

"நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத் திட்டியிருந்தா உங்கள மனுஷன்னு ஒத்துக்கிட்டிருப்பேன். வெறும் மூக்க வச்சே ஒருத்தி பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே, பெருச்சாளி மாதிரி! வெக்கமா இல்ல?"

அவர் சில்லறையை அள்ளிக் கொட்டினார். ஒரு காசு மட்டும் உருண்டு வந்து டார்லாவின் காலடியில் விழுந்தது.

முகத்தில் விட்டெறியலாம் என்றுதான் அதை எடுத்தாள். ஆனால் அது செல்லாத காசு. வட்டமான செம்பு வில்லை. குடியை விட்டவர்கள் கூடுமிடத்தில், குடிக்காமல் இருந்த நாளைக் கணக்கிட்டுத் தருவது. 'தொண்ணூறு நாள்' என்று பொறித்திருந்தது.

ரோலண்ட் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பதினொண்ணு பக்கத்துலயும் நான் ஜம்முனுதான் நின்னேன்மா," என்றார், இருவரையும் பார்க்காமல். "உன்னோடத இன்னொரு தடவை மோந்திருந்தா, இன்னிக்கு எனக்கு மறுபடியும் முதல் நாள்."