பத்தாவது தலையாட்டல்

கச்சபேசுவரர் கோயில் குளத்தில் இறங்கி நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

அபிநயா தன் அப்பா தணிகாசலத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவன் 'ஆமாம்' என்று தலையாட்ட வேண்டும். மொத்தம் பத்து. எண்ணுவதற்கு நான்.

தணிகாசலம் பந்தல் காண்ட்ராக்டர், எனக்கு நாற்பது வருடத்துச் சினேகிதன். ஏழு வாரத்துக்கு முன் சவுக்குக் கட்டை ஒன்று அவன் தலையில் விழுந்தது. மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கிறது, ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மெல்ல நடமாடு என்றார் டாக்டர்.

குலுங்கியது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து தலை அசையவில்லை. யாராவது கூப்பிட்டால், மாடவீதி முனையில் தேர் திரும்புவதுபோல் காலால் திரும்புவான். உச்சந்தலையில் ததும்பத் ததும்பச் செம்புத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது. வைத்துப் பார்த்தவன் நான். ஒரு மைனா இரண்டு நாள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனது. யாருக்கும் தலையாட்டாத மனிதர் என்று பேர் பரவி, கூரத்திலிருந்து வந்து பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

தொல்லை அபிநயாவுக்குத்தான். அப்பா தலையாட்டிச் சம்மதம் சொல்லாமல் தாலி கட்டிக்கொள்ளமாட்டேன் என்றிருந்தாள். பையன் பெயர் டேனியல். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விவரம் வேண்டியதில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். அப்பாவின் சிகிச்சையைத் தானே எடுத்துக்கொண்டாள். முதல் நாள் சுவர்க் காலண்டர் பக்கம் தலையை ஒரு விரற்கடை திருப்பச் சொன்னாள். மறுநாள் இரண்டு. தலை பத்துக்கு எவ்வளவு சுற்றுகிறது என்று கேட்டு நோட்டில் குறிப்பது என் வேலை. எண் ஏறினால் நிறுத்திவிடுவாள். ஆனால் விடமாட்டாள், அடுத்த நாள் அங்கிருந்தே தொடங்குவாள்.

"சுத்தினா சுத்தட்டும்பா. அதால ஒண்ணும் ஆவாது. பயந்துக்கினு அசையாம குந்தினு இருக்கிறியே, அதான் சுத்தலைப் பிடிச்சு வச்சிருக்குது."

அது பத்தொன்பதாம் நாள். இட்லி வேண்டுமா என்றாள், ஆட்டினான். சட்னி காரமா என்றாள், ஆட்டினான். தென்னேரிச் சித்தப்பா கஞ்சனா என்றதற்கு உற்சாகமாகவே ஆட்டினான். ஒன்பது முடிந்தது. சுற்றல் பத்துக்கு ஒன்றுதான் என்றான்.

"டேனியலைக் கட்டிக்கட்டுமாப்பா?"

தலை நின்றது. கட்டை விழுந்த புதிதில் நின்ற மாதிரியே நின்றது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

அபிநயா அவசரப்படுத்தவில்லை. துப்பட்டா முனையை மட்டும் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாடை இறங்கியது. மார்பைத் தொட்டது. ஏறியது. யாரும் கேட்காமலே இன்னொரு தரம் இறங்கியது.

அவன் கண்ணில் தண்ணீர். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"மூணு போட்டுக்கோபா."

போட்டுக்கொண்டேன்.

கட்டை விழுவதற்கு ஒரு மாதம் முன்பே ரிஜிஸ்டர் ஆபீசில் அபிநயாவுக்கும் டேனியலுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.