படம் ஓடுது, சத்தம் வரலை

"படம் வருது மேடம். சத்தம்தான் வரலை."

வீடியோ கடை எடிட்டர் சொன்னதும் அவள் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்தாள். அப்பாவும் இத்தனை நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதை அவள் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

திரையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சிரித்தாள். கேமராவைப் பார்த்து என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை.

"நல்லாப் பாருங்க. அம்மா பேசறது இது ஒண்ணுலதான் இருக்கு. மத்ததெல்லாம் வெறும் போட்டோ."

"பதறாதீங்க. கேம்கார்டர்ல ஹெச்.டி.யா எடுத்தது இது. படத்தை ஒரு மாதிரி, சத்தத்தை ஒரு மாதிரி சுருக்கி வச்சிருக்கும். இந்த சாப்ட்வேருக்குப் படம் புரியுது, சத்தம் புரியலை. வேற ஒண்ணுல மாத்திப் பார்ப்போம்."

"மெமரி கார்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"முதல்லயே காப்பி எடுத்துட்டேன்."

திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. நகர்கிறதா, நிற்கிறதா என்று அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அப்பா. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது.

"யாரு மேடம், விடாம அடிக்கறாங்க?"

"எங்கப்பா. அவர் டிராயர்லேர்ந்து கார்டை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். சொல்லாம."

எடிட்டரின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"திருட்டு இல்லைங்க. என் அம்மா. எப்பக் கேட்டாலும் ஒரு சாக்கு. கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கலை, சத்தம் வராதும்பாரு. சரி, கேமராவுலயே போட்டுக் காட்டுங்கன்னா, பேட்டரி போச்சும்பாரு. பக்கத்து வீட்டம்மா வேற கதை சொல்றாங்க. சாயங்காலமானா கேமராவைக் காதோட வச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம்."

"அவருக்கும் அவங்க ஞாபகம் இருக்கும்ல."

"அவருக்கு மட்டும்தானா? அம்மா போனப்புறம் எனக்கு அவ குரல் மறந்துக்கிட்டே வருது. பயமா இருக்கு. அவருக்கு என்னடான்னா, எல்லாத்தையும் தன்கிட்டயே பூட்டி வச்சுக்கணும். இந்த வயசுல புதுசா கம்ப்யூட்டர் வாங்கி, எடிட்டிங் சாப்ட்வேரா இறக்கி விளையாடிக்கிட்டு இருக்காரு. மகளுக்கு ஒரு காப்பி குடுக்க மட்டும் மனசு வரலை."

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பாவே வந்து நின்றார். சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாட்டியிருந்தன. இந்தக் கடையைப் பற்றிப் போன வாரம் அவரிடம் உளறியது தன் வாய்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சத்தம் வந்துடுச்சா?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. அதுவும் எடிட்டரிடம். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் இல்லை சார்."

அப்பா பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? சத்தம் வரலைன்னா இவருக்கு சந்தோஷம்."

"அது வராதும்மா. நான் போட்டுப் பாக்காத சாப்ட்வேரா? வா, வீட்டுக்குப் போகலாம். தம்பி, அந்தக் கார்டைக் குடுத்துடுங்க."

"குடுக்காதீங்க."

எடிட்டர் பாவம், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் பச்சைக் கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"இந்தக் கோலத்துல என்னைப் போய் எடுக்கறீங்களே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அம்மா. அதே குரல், அதே கிண்டல். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போதும் தம்பி, நிறுத்துங்க," என்றார் அப்பா.

"ஏம்ப்பா இப்படி இருக்கீங்க? கேட்க விடுங்க."

திரையில் அம்மா இருமினாள். நிறுத்த முடியாமல் இருமினாள். பக்கத்தில் இருந்த போன் அடித்தது. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, காலையில கூப்பிட்டியாமே? மறுபடியும் இருமலா? நான் வந்து நிக்கணும்னுதானே இந்த நாடகமெல்லாம்? இங்க வேலை தலைக்கு மேல இருக்கு. நீ இருமறப்பல்லாம் ஓடி வர முடியாது. வச்சுடு."

அது யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நேரமும் அந்தக் குரலைத்தான் எடிட்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டென்று குனிந்து எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் பார்த்தார்.

அப்படிப் பேசியது அவளுக்கு நினைவே இல்லை.

திரையில் அம்மா போனை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இதையுமா எடுத்தீங்க? அழிச்சுடுங்க. என்னிக்காவது அவ கேட்டா தாங்க மாட்டா."

படம் அதோடு நின்றது. அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அப்பா பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"உங்கம்மா சொன்ன மாதிரி அழிக்கத்தான் போனேன். அவ குரலும் சேர்ந்து போயிடுமேம்மா. இந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிட்டு உன் கையில குடுத்துடலாம்னுதான் இத்தனை சாப்ட்வேரையும் போட்டுப் பாத்தேன். ஒண்ணுலயும் வெட்ட வரலை."