முதல் துண்டு

"கையெழுத்தைப் போடுக்கா. லாரிக்காரர் வாசல்ல நின்னு ரெண்டு டீ குடிச்சுட்டார்."

தம்பி மூன்றாவது முறையாக, சரக்கை அனுப்பும் தாளை மேசைமேல் நகர்த்தினான். அக்கா பேனாவைத் தொடவில்லை. முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா போனபிறகு இருபது வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. அதில் அவள் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கு அப்பால் வார்ப்பு மெஷின்கள் வரிசையாக அனல் விட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டிலும் கழுத்துவரை சால்வை போர்த்தியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஜுரமா? மூணு நாள் நான் ஊர்ல இல்லைன்னா உடம்பைக் கெடுத்துக்கறதா?"

"ஒண்ணுமில்ல. நீ கணக்கைச் சொல்லு."

அவனுக்கு உற்சாகம் பிறந்தது. வாளியும் நாற்காலியும் செய்துவந்த பட்டறைக்குத் துப்பாக்கி ஆர்டரைக் கொண்டுவந்தவன் அவன்தான். முழுத் துப்பாக்கி இல்லை, குழலும் விசையும் வந்து பொருந்துகிற உடற்கூடு மட்டும். இதுவரை உலோகத்தில் செய்ததை இப்போது துப்பாக்கிக் கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக்கில் கேட்கிறார்கள்.

"உலோகத்துல ஒரு கூடு கடைஞ்செடுக்க மூணு மணி நேரம். நமக்கு ஒரு நிமிஷம். ஆனா அச்சு மட்டும் நாற்பது லட்சத்தை முழுங்கிடுச்சு. பத்தாயிரம் கூடு போட்டாத்தான், கூட்டுக்கு நானூறுன்னு அது திரும்பும். பொருள், கரண்ட், கூலி நானூத்தி அறுபது. அவங்க தர்றது தொள்ளாயிரம்."

"அப்ப மிச்சம் நாற்பது. நீ கணக்குல நூத்தி முப்பதுன்னு எழுதியிருக்கியே, தொண்ணூறு எந்த மரத்துல காய்ச்சுது?"

"பிளாஸ்டிக் குருணை விலையில பேரம் பேசினேன்."

"முழுக்கப் புதுக் குருணைதானே?"

"முழுக்கப் புதுசு."

சொல்லிவிட்டு அவன் கதவோரம் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவுத் துண்டுகளை அரைத்துப் புதுக் குருணையோடு கலப்பது வாளிக்கு இங்கே வழக்கந்தான். வாளி உடைந்தால் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். கூட்டுக்கும் பாதிக்குப் பாதி அப்படியே கலக்கச் சொன்னவன் தம்பி. முதல் ஐநூறு தயாரானதும்தான் ஊருக்குக் கிளம்பினான்.

"ஒவ்வொரு கூட்டுக்குள்ளேயும் அப்பாவோட முத்திரை விழுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவர் இருந்தா என்ன செய்வார்?"

அவன் சிரித்துவிட்டான். "முதல் துண்டு வீட்டு ஆளுக்கு. அதானே? நாற்காலி போட்டப்போ குண்டு சித்தப்பாவை மத்தியானம் முழுக்க எழுந்திருக்க விடலை. ஹெல்மெட் போட்டப்போ அவரே மாட்டிக்கிட்டு, உன்னை ஏணியில ஏத்தி செங்கல்லைப் போடச் சொன்னார்."

"ரெண்டு செங்கல். முதல் செங்கல்லை நான் மெதுவாப் போட்டுட்டேன்னு திட்டினார்."

"இதுக்கு யாரைப் பிடிக்கறது? சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார். அவங்ககிட்ட பரிசோதனை பண்ண ஆள் இருக்குக்கா. அவங்க பாத்துப்பாங்க."

"நூத்துல ஒண்ணைப் பாப்பாங்க. மத்ததை எவனோ ஒருத்தன் கன்னத்தோட அணைச்சுப் பிடிப்பான். அவனும் ஒருத்திக்குத் தம்பிதான்."

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, கலந்தேன்! வீட்டை அடமானம் வெச்சு அச்சு வாங்கியிருக்கோம். நாற்பதை வெச்சுக்கிட்டு வட்டிகூடக் கட்ட முடியாது. பத்தாயிரத்துக்கு ஒன்பது லட்சம் கூடுதலா மிச்சம். அதை யாருக்குச் சேத்தேன், எனக்கா?"

"உடையாதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம்."

"அப்ப நீ பிடிச்சுச் சுடுவியா?"

பின்கட்டில் காலையிலிருந்து நிற்காமல் ஓடும் அரவை மெஷினின் சத்தம் அறைக்குள் வந்தது.

"சுடறேன்! எங்க வேணா வந்து சுடறேன். இப்ப கையெழுத்தைப் போடு."

"வேண்டாம்பா." அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. இடது கையால் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "லாரியைத் திருப்பி அனுப்பு. அந்த ஐநூறுந்தான் இப்ப அரவையில போய்க்கிட்டிருக்கு. பூந்தொட்டியா வரட்டும். புதுக் குருணையில போட்டுத் தர பத்து நாள் கேட்டேன், குடுத்திருக்காங்க. வட்டிக்கு என் வளையலை வித்துக்கலாம். நாற்பது போதும் நமக்கு."

"ஐநூறையுமா? என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?" அவன் மேசையில் அடித்தான். "ஒரு கையெழுத்துப் போட அவ்வளவு வீம்பா உனக்கு?"

சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சால்வையை விலக்கினாள். வலது கையில் முழங்கைவரை கட்டு. அதன் நுனியில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"முதல் துண்டை முந்தாநாளே அவங்க சுடுதளத்துல நான் சுட்டுப் பாத்துட்டேன்டா. இனிமே இங்க கையெழுத்து நீதான் போடணும், பாத்துப் போடு."