கேசட்டின் அடம்

பரணிலிருந்து இறக்கிய பழைய வீடியோ கேமில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில்தான் ஒன்றும் வரவில்லை. வெறும் கறுப்பு.

ஜெபசிங் வயர்களைக் கழற்றி மாட்டினான். அடாப்டரை ஆட்டிப் பார்த்தான். அப்போதும் கறுப்பு.

“என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு. நீதான் அடம் பிடிக்கிறே,” என்றது மிஷின், தன் தலையில் சொருகியிருந்த கேம் கேசட்டிடம்.

“ஆமா. முன்னெல்லாம் நான் கொஞ்சம் முரண்டு பிடிச்சா உடனே உருவி, வாய்கிட்ட வச்சு ஊதுவான். அந்தச் சூடு பட்டு எவ்வளவு காலமாச்சு! ஒரே ஒரு தடவை ஊதட்டும். படம் காட்டுறேன்.”

“திரும்பப் பரணுக்குப் போனா நம்மள யாரு இறக்குவா?”

அதற்குள் ஜெபசிங் கேசட்டை உருவி வாயருகே கொண்டுபோனான். கேசட்டுக்குச் சிலிர்த்தது. அவன் நிறுத்தி, போனைப் பார்த்தான்.

“ஊதக் கூடாதாமே. எச்சில் பட்டா துருப் பிடிக்குமாம்.”

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்தான். ஜில்லென்றிருந்தது. மறுபடி சொருகினான்.

“இப்பவாவது காட்டிடு,” என்று மிஷின் கெஞ்சியது.

“ஊதட்டும்,” என்றது கேசட்.

டிவி அப்போதும் கறுப்பு. அவன் சுவிட்சைத் தட்ட, சிவப்பு விளக்கு அணைந்தது. ஜெபசிங் இரண்டையும் அட்டைப்பெட்டியில் வைத்து மூடினான். மூடியின் மேல் ஒரே தூசி. குனிந்து, கன்னம் உப்ப, பலமாக ஒரு ஊது ஊதினான்.

உள்ளே கேசட்டுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.